சுமை யார் தோளில்?

பருவ விடுமுறை நெருங்கினால் போதும், நம் மாணவர்களிடையே கினபாலு மலைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. கெடா நண்பர்கள் முதலில் குனோங் ஜெராயில் ஏறிப் பழகுவோம். அதன் உயரம் 1,217 மீட்டர். கினபாலுவோ 4,095 மீட்டர். வழியில் பானாலாபானில் இரவு தங்கி, விடியுமுன் உச்சிக்கு ஏற வேண்டும். அங்கே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். காலணி, குளிராடை, மாத்திரை, விமானச் சீட்டு என எல்லாவற்றிற்கும் பட்டியல் போடுகிறோம். மலையடிவாரத்தில் வாழும் டூசுன் மக்களைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

1851-இல் ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரி கியாவ் கிராமத்து டூசுன் மக்களின் துணையோடு இம்மலையில் ஏறினார். உச்சியை அவர் தொடவே இல்லை. ஆயினும் அது இன்று 'லோ சிகரம்'. நம் தோட்டங்கள் பலவற்றிற்கும் துரைமாரின் பெயர்தானே! 1997 மே 23-இல் எவரெஸ்டை அடைந்த முதல் மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாசும் நம்மவர்கள் என்று பெருமைப்படுகிறோம். உடன் ஏறிய ஷெர்ப்பாக்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் பாட்டி பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காண்டாக் கம்பின் இருபுறமும் பால் வாளி தொங்க, நிறுக்கும் இடத்திற்கு நடப்பார். (நாசி கண்டாருக்குப் பெயர் தந்ததும் இதே கம்புதான்.) எடை பார்த்துத்தான் கூலி. கினபாலுவில் நம் பைகளைத் தூக்கும் டூசுன் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கிலோ கணக்கில்தான் கூலி. அதிலும் பேரம் பேசிக் குறைப்பதைச் சாமர்த்தியம் என்கிறார்கள் சிலர். எடையைக் குறைத்து எழுதிய கிராணியை இன்றும் திட்டுகிற குடும்பங்களில் பிறந்தவர்கள் பேசும் பேச்சா இது? பெரு நாட்டில் இன்கா பாதையில் சுமை தூக்கும் கெச்சுவா மக்களின் முதுகில் 20 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என 2001-இல் சட்டமே வந்தது.

டூசுன் மக்களுக்கு அம்மலை மூதாதையரின் ஆவிகள் உறையும் இடம். கோழி பலியிட்டு வணங்கும் வழக்கமும் உண்டு. முனியாண்டிக்குக் கோழி அறுத்த நமக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. 2015 மே 30-இல் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் மேலே ஆடை களைந்து படம் எடுத்தபோது அம்மக்கள் கொதித்ததில் வியப்பென்ன? சில நாள் கழித்து, ஜூன் 5-இல், நிலநடுக்கத்தில் 18 பேர் மாண்டனர். மலை வழிகாட்டிகளும் அவர்களுள் உண்டு. மேலே சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பத்திரமாக இறக்கியவர்களும் அந்த வழிகாட்டிகளே.

ஆகவே நண்பர்களே, பட்டியலை மாற்றுவோம். ஒரு நாள் முன்னதாகவே குண்டாசாங் சென்று, அவ்வூரார் நடத்தும் விடுதியில் தங்கி, அவர்கள் கடையில் சாப்பிடுவோம். உடலும் உயரத்திற்குச் சற்றுப் பழகும். தூக்க முடிந்ததை நாமே தூக்குவோம். அதற்குத்தான் ஜெராய் இருக்கிறது. மற்றதற்குக் கேட்ட கூலியைக் கொடுப்போம். கூடுதலாகும் வெள்ளியை இப்போதே சேர்க்கத் தொடங்கினால் விடுமுறைக்குள் சேர்ந்துவிடும்.