எந்த வாஷிங்டன்?

வாஷிங்டன்! இந்தப் பெயரைச் சொன்னவுடன் நம் மாணவன் என்ன விடை தருகிறான்? அமெரிக்க நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் என்கிறான். அந்நாட்டின் தலைநகரம் என்கிறான். சற்றுக் கூடுதலாக ஏடு புரட்டியவன், பசிபிக் கடலோரத்திலே அதே பெயரில் ஒரு மாநிலம் இருப்பதையும் எடுத்துக்காட்டுகிறான். நியூ ஹாம்ப்ஷயரிலே 6,288 அடி உயர்ந்து நிற்கும் மலைக்கும் அதே பெயர். அமெரிக்காவின் மாவட்டங்களிலே முப்பதுக்குக் குறையாமல் அதே பெயர் தாங்கி நிற்கின்றன. அத்தனையும் உண்மை, மறுப்பார் இல்லை. ஆனால் அத்தனை விடையும் ஒரே ஒரு மனிதரைச் சுற்றியே வட்டமிடுகின்றன. மலையும் அவர், மாநிலமும் அவர், மாநகரும் அவர்!

பெயர் ஒன்று, அதைச் சுமந்தவர்களோ பல்லாயிரவர். பல்லாயிரவரிலே ஒருவருக்கு மட்டும் பளிங்குச் சிலை. மற்றவருக்கு மறதி என்னும் மண்மேடு. இதுதான் வரலாறு என்று நமக்குக் கற்பிக்கப்படுகிறது. எந்த வாஷிங்டன் என்று திருப்பிக் கேட்க நாம் துணிய வேண்டாமா?

முதலில் அந்தப் பெயரின் பிறப்பைப் பார்ப்போம். பெருங்குடிப் பெயர் என்றால் வானத்திலிருந்து விழுந்தது என்று எண்ணுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தின் வடகிழக்குக் கோடியிலே வாஷிங்டன் என்றொரு சிற்றூர் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே வில்லியம் என்ற பிரபு, தமக்கிருந்த ஹெர்ட்பர்ன் பண்ணையைக் கொடுத்துவிட்டு இந்த ஊர்ப் பண்ணையைப் பெற்றார். பண்ணை மாறியது, உடனே பெயரும் மாறியது! ஹெர்ட்பர்ன் வில்லியம் வாஷிங்டன் வில்லியம் ஆனார். அவ்வளவுதான் அந்த மாபெரும் குலப்பெயரின் மர்மம். நிலத்தை மாற்றினால் மாறிவிடும் பெயரிலே குருதியின் மேன்மை எங்கே இருக்கிறது? அந்த வழியிலே வந்த ஜான் என்பவர் 1650களில் கடல் கடந்து வர்ஜீனியாவில் குடியேறினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் 1732இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன்.

ஜார்ஜ் வாஷிங்டனின் பெருமையை நாம் மறைக்கவில்லை. பேரரசை எதிர்த்துப் படை நடத்தி வென்றவர். இருமுறை தலைமைப் பதவி வகித்தபின், இனிப் போதும் என்று 1797இல் விலகி வீடு திரும்பியவர். பதவியை உடும்புப் பிடியாகப் பிடித்துத் தொங்குவோர் நிறைந்த உலகிலே அது பெருஞ்செயல்தான். ஆனால், செயலைப் புகழ்வது வேறு; பெயரைப் பூசிப்பது வேறு. செயலைப் புகழ்பவன் குறையையும் கேட்பான். பெயரைப் பூசிப்பவன் காதைப் பொத்திக்கொள்வான்.

பூசனை தொடங்கிவிட்டால் புராணம் வராமல் இருக்குமா? வந்தது! சிறுவன் ஜார்ஜ் தந்தையின் செர்ரி மரத்தைக் கோடரியால் வெட்டினானாம். பொய் சொல்ல மனமின்றி ஒப்புக்கொண்டானாம். தந்தை உச்சி முகர்ந்தாராம். நம் பள்ளிகளிலும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்கு வாய்மையைப் போதிக்கிறோம். இந்தக் கதை எப்போது பிறந்தது தெரியுமா? வாஷிங்டன் 1799இல் மறைந்தார். வீம்ஸ் என்ற பாதிரியார், புத்தக விற்பனையும் செய்தவர், மறு ஆண்டே அவரது வரலாற்றை எழுதி விற்றார். அந்நூலின் முதற் பதிப்பிலே மரமும் இல்லை, கோடரியும் இல்லை! 1806ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் மரம் முளைத்தது. இதற்கு நம்பத்தக்க சான்று இன்றுவரை கிடைத்ததில்லை. பொய் சொல்லாதே என்று கற்பிக்க ஒரு பொய்! புராணிகர் தொழில் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

இல்லாத மரத்தைப் பற்றி இத்தனை பேசிய ஏடுகள், இருந்த மனிதர்களைப் பற்றி என்ன பேசின? தந்தை இறந்தபோது பதினொரு வயதுப் பாலகன் ஜார்ஜுக்குச் சொத்தாக வந்தவர்களிலே பத்து அடிமைகள் உண்டு. 1799இல், அவர் கண்மூடிய ஆண்டிலே, மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்களைக் கேளுங்கள். ஒருவர் பாரிஸ், ஒருவர் ரிச்மண்ட், ஒருவர் ஹெர்குலிஸ். மாநகரங்களின் பெயர், காவிய வீரனின் பெயர்! ஊரின் பெயரைத் தன் பெயராக்கி வில்லியம் பிரபு ஆனார். ஊரின் பெயரைச் சுமந்த பாரிஸ் குதிரை லாயத்தில் உழைத்தார். ஒருவர் தாமே எடுத்துக்கொண்டது. மற்றவருக்கு அது உடையவன் வீட்டில் வழங்கிய பெயர். அதுதான் வேறுபாடு.

பெயர் சூட்டியவர் விடுதலையையும் சூட்டினாரா? பென்சில்வேனியா மாநிலம் 1780இல் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் இயற்றியது. வெளியூர் உடையவன் கொண்டுவந்த அடிமை ஆறு திங்கள் அங்கே தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். தலைநகர் பிலடெல்பியாவில் இருந்த காலம் அது. குடியரசின் தலைவர் என்ன செய்தார்? ஆறு திங்கள் நிறையுமுன் தம் வீட்டு அடிமைகளை எல்லைக்கு அப்பால் அனுப்பினார், மீண்டும் அழைத்துக்கொண்டார். சட்டத்தைக் காக்க வேண்டியவர் நாட்காட்டியைக் காவல் காத்தார்!

அந்த வீட்டிலே ஓனா ஜட்ஜ் என்றோர் இளம்பெண். தலைவர் மனைவியின் பேத்திக்குத் திருமணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று அறிந்தாள். வெள்ளித் தட்டுபோல, விளக்குபோல, ஒரு பெண் பரிசுப் பொருள்! 1796 மே மாதத்தில் ஒரு நாள், எசமானர் உணவருந்திக்கொண்டிருந்த நேரத்திலே வீட்டை விட்டு வெளியேறினாள். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் சேர்ந்தாள். செய்தித்தாளில் விளம்பரம், பிடித்துத் தருவோர்க்குப் பரிசு, அரசாங்க அதிகாரிகள் வழியாகத் தூது, பின்னர் உறவினர் வழியாகத் தூது. இத்தனையும் ஒரு பெண்ணைப் பிடிக்க! தப்பியோடியவரைப் பிடிக்க வழி வகுக்கும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் அவரே. ஓனா திரும்பவில்லை. வறுமையிலே வாழ்ந்தாள், 1848இல் மறைந்தாள். சட்டப்படி இறுதிவரை அடிமை. தன் துணிவின்படி ஐம்பத்திரண்டு ஆண்டுகள் உரிமை மங்கை.

இங்கே சப்பைக்கட்டுக் கட்டுவோர் எழுவர். அவர் தம் உயிலிலே அடிமைகளை விடுவித்தாரே என்பர். விடுவித்தார், மறைக்கவில்லை. 317 பேரில் அவருக்கே உரியவர் 123 பேர். மனைவியின் காலத்துக்குப் பின் அவர்கள் விடுதலை பெற வேண்டும் என்று எழுதினார். அம்மையார் காத்திராமல் 1801 சனவரி முதல் நாளில் அவர்களை விடுவித்தார். மனைவி வழிச் சொத்தான 153 பேருக்கோ விடிவில்லை. அவர்கள் வாரிசுகளுக்குப் பங்கிடப்பட்டனர். வாழும்போது உழைப்பை வாங்கிக்கொண்டு இறந்தபின் விடுதலையைத் தருவது தருமமா, தாமதமா?

காலம் அப்படி, மனிதர் என்ன செய்வார் என்பது அடுத்த வாதம். எந்தக் காலம்? பென்சில்வேனியாச் சட்டம் அந்தக் காலத்தது அல்லவா? ஓனாவும் அந்தக் காலத்துப் பெண்தானே? அந்தக் காலத்தவர் என்றால் உடையவர்கள் மட்டுமா? அடிமைப்பட்டவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுக் காலத்தின் மனச்சான்றை அளப்பது எந்த ஊர் நியாயம்?

இதோ இன்னொரு வாஷிங்டன். ஆப்பிரிக்காவில், காம்பியா ஆற்றுப் பகுதியிலே பிறந்தவர். ஹாரி என்ற பெயரோடு மவுண்ட் வெர்னான் பண்ணையிலே உழைத்தவர். விடுதலைப் போரின்போது, தப்பி வருவோர்க்கு உரிமை தருவதாக ஆங்கிலேயர் அறிவித்தனர். அன்பினால் அல்ல, போர்த் தேவையினால். எதுவாயினும், ஹாரி தப்பினார். ஜார்ஜ் வாஷிங்டன் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை தேடினார்; ஹாரி வாஷிங்டன் ஜார்ஜ் வாஷிங்டனிடமிருந்து விடுதலை தேடினார்! 1783இல் நியூயார்க்கிலிருந்து நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறிய கறுப்பின மக்களின் பட்டியலிலே ஹாரி வாஷிங்டன் என்ற பெயர் இருக்கிறது. 1792இல் அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோன் சென்றார். அங்கே ஆண்ட ஆங்கிலேயக் கம்பெனி நிலவரி கேட்டது. 1800இல் குடியேறியவர்கள் கிளர்ந்தெழுந்தனர், ஹாரியும் நின்றார், நாடு கடத்தப்பட்டார். உரிமையின்றிப் போடும் வரியை எதிர்த்தவர்கள் என்று அமெரிக்கத் தலைவர்களைப் போற்றுகிறோமே, அதே வரியை எதிர்த்த இந்த வாஷிங்டனுக்கு எந்த மலையின் பெயர்? எந்த மாவட்டத்தின் பெயர்?

ஒருவருக்குப் பெயர் போதும் போதும் என்று குவிந்தது. 1853இல் மேற்கே புதிய ஆட்சிப்பகுதி அமைத்தபோது, மக்கள் கேட்ட பெயர் கொலம்பியா. அந்தப் பெயரில் தலைநகர் மாவட்டம் ஒன்று முன்பே உள்ளது என்றார் ஓர் உறுப்பினர். வாஷிங்டன் என்று வைத்தனர். தலைநகருக்கே அந்தப் பெயர் இருக்கிறதே என்ற குழப்பத்தைக் கவனித்தார்கள், ஆனாலும் வைத்தார்கள்! எந்த வாஷிங்டன் என்று அந்நாட்டார் இன்றும் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதே காலத்து மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டுங்கள். 1850இல் அந்நாட்டில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகள். அவர்களுக்கெனத் தனி ஏடு. உடையவன் பெயர் அதிலே உண்டு, அடிமையின் அகவை உண்டு, ஆணா பெண்ணா என்பது உண்டு, நிறம் உண்டு. பெயருக்கு மட்டும் இடமில்லை! 1860இலும் அப்படியே. ஓர் இறந்த மனிதருக்குப் பெயர் சூட்ட மாநிலம் தேடியவர்களுக்கு, உயிரோடு உழைத்த மனிதரின் பெயரை எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. 1870ஆம் ஆண்டுக் கணக்கிலேதான் விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு எழுதப்பட்டனர்.

பெயரின்றி வைக்கப்பட்டவனுக்குப் பெயர் என்றால் என்ன? 1856இல் வர்ஜீனியாவில் அடிமைத் தாய்க்குப் பிறந்த ஒரு சிறுவன், விடுதலைக்குப் பின் பள்ளிக்குச் சென்றான். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், சிலருக்கு மூன்று. இவனுக்கோ புக்கர் என்ற ஒன்றுதான். தன் முறை வந்தபோது, புக்கர் வாஷிங்டன் என்றான்! எவரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். பிற்காலத்திலே டஸ்கீகி கல்விக்கூடத்தை 1881 முதல் தலைமையேற்று வளர்த்தவர் அந்தச் சிறுவன்தான். அவர் வகுத்த அரசியல் வழியோடு மாறுபடலாம். அவர் காலத்திலேயே மாறுபட்டோர் உண்டு. ஆனால் பதிவேட்டின் முன் நின்ற அந்தப் பிள்ளையின் துணிவை எண்ணுங்கள், ஆசிரியத் தோழர்களே! நாள்தோறும் நாம் படிக்கும் பதிவேடு வெறும் தாள் அல்ல.

பிரடெரிக் டக்ளசை அறிவீர்கள். அவருக்குத் தாய் இட்ட பெயர் பிரடெரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி. 1838இல் தப்பியபின், தேடுவோர் கண்ணுக்குத் தப்ப ஜான்சன் ஆனார். நியூ பெட்போர்டு சென்று பார்த்தால் அங்கே ஜான்சன்கள் ஏராளம்! குழப்பம் தீர, டக்ளஸ் என்ற பெயரை ஏற்றார். வாஷிங்டனைக் கைவிட்டவரும் மனிதர். வாஷிங்டனை எடுத்துக்கொண்டவரும் மனிதர்.

அடிமைக்காரன் பெயரை ஏன் சுமக்க வேண்டும், எறியலாமே என்போருக்கும் விடை இதுதான். மால்கம் எக்ஸ் எறிந்தார். பறிக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பெயருக்கு அடையாளமாக ஓர் எழுத்தை நிறுத்தினார். காசியஸ் கிளே 1964இல் முகம்மது அலி ஆனார். அது அவர்கள் உரிமை. வைத்துக்கொண்டவர்களுக்கும் அதே உரிமை உண்டு. எதை எறிவது, எதை வைப்பது என்பதைச் சுமப்பவன் முடிவு செய்ய வேண்டும். வேடிக்கை பார்ப்பவன் அல்ல.

வைத்துக்கொண்டோர் எத்தனை பேர்? 2000ஆம் ஆண்டுக் கணக்குப்படி வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருடையோர் 1,63,036 பேர். பத்துப் பேரில் ஒன்பது பேர் கறுப்பின மக்கள்! ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளையில்லை. இன்று அந்தப் பெயரை வாழவைப்போர் பண்ணையாரின் பேரப்பிள்ளைகள் அல்லர். பெரும்பாலும் அடிமைகளின் பேரப்பிள்ளைகள். எண்ணிக்கைதான் உரிமை என்றால், அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம்?

தலைநகரமே சாட்சி. அதன் வெள்ளை மாளிகையையும் நாடாளுமன்ற மாளிகையையும் எழுப்பிய கைகளிலே அடிமைக் கைகள் உண்டு. கூலியோ உடையவன் பைக்குப் போயிற்று. 1862இல் அந்நகரில் அடிமை முறை ஒழிந்தபோதும் உடையவனுக்குத் தலைக்கு 300 டாலர் வரை ஈடு. உழைத்தவனுக்கோ நாட்டை விட்டுப் போனால் 100 டாலர் வரை! அந்நகரிலே, அடிமையின் வழிவந்த வால்டர் வாஷிங்டன் 1975இல் மக்கள் தேர்ந்தெடுத்த மேயராகப் பதவியேற்றார். வாஷிங்டன் நகருக்கு ஒரு வாஷிங்டன்! 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராக வென்றவரும் ஹரால்டு வாஷிங்டன். தலைநகரை மாநிலமாக்கும் முன்வரைவை 2021இல் அமெரிக்கக் கீழவை நிறைவேற்றியது; வாஷிங்டன், டக்ளஸ் பொதுநாடு என்ற பெயர் அதிலே இடம்பெற்றது. மேலவையிலே அது நிறைவேறவில்லை. எனினும், தப்பியோடிய அடிமையின் பெயரைத் தலைவரின் பெயரோடு ஒரே வரியில் எழுதினார்கள் அன்றோ! கேட்டவர்கள் இருந்தார்கள்; ஆகவே எழுதினார்கள்.

தோழர்களே! சிலையை உடைக்கச் சொல்லவில்லை. மலையின் பெயரை மாற்றச் சொல்லவில்லை. செர்ரி மரக் கதையை வகுப்பறையிலிருந்து வெளியேற்றுங்கள். அந்த இடத்தில் ஓனா ஜட்ஜின் கதையைச் சொல்லுங்கள். ஹாரியின் கதையைச் சொல்லுங்கள். பதிவேட்டின் முன் நின்ற புக்கரின் கதையைச் சொல்லுங்கள். வாஷிங்டன் சிறப்பை எழுதுக என்று வினாத்தாள் கேட்டால், எந்த வாஷிங்டன் என்று நம் மாணவன் கேட்கட்டும். அவ்வாறு கேட்பவனுக்கு முழு மதிப்பெண் தருவோம்.