வலியைச் சொல்ல யப்பானிய மொழி. எங்கள் வைத்தியசாலையில் எந்த மொழி?

அன்புவழிபுரத்தில் வேலை தேடும் பிள்ளைகள் சிலர் இப்போது கைத்தொலைபேசியில் யப்பானிய மருத்துவச் சொற்களைப் படிக்கிறார்கள். ‘இத்தாய்’ என்றால் வலிக்கிறது. ‘நெட்ஸு’ காய்ச்சல். ‘குசுரி’ மருந்து.

இதற்குக் காரணம் உண்டு. திறன்சார் தொழிலாளர்களை அனுப்புவதற்காக 2019 ஜூனில் இலங்கை யப்பானுடன் உடன்பாடு செய்தது. முதியோர் பராமரிப்பும் அதில் ஒரு துறை. முதல் தர வீசாவில் 5 ஆண்டுகள் வரை வேலை செய்யலாம். குடும்பத்தைக் கூட்டிச்செல்ல முடியாது. பொது மொழித் தேர்வும் திறன் தேர்வும் போதாதென்று, பராமரிப்பு மொழிக்கென்றே 15 வினாக்கள் கொண்ட தனித் தேர்வும் உண்டு. சொற்கள், நோயாளியுடன் பேசும் முறை, பராமரிப்புப் பதிவுகளை வாசித்தல் என்பவை அதில் சோதிக்கப்படுகின்றன.

யப்பானியர் தலை விண்விண்ணென்று தெறித்தால் ‘ஸுக்கிஸுக்கி’ என்பார்கள். முள் குத்துவதுபோல் சுருக்சுருக்கென்றால் ‘சிக்குச்சிக்கு’. எங்கள் இரட்டைக்கிளவி போலவே வலியின் வகையை ஒலியே சொல்லிவிடும். பராமரிப்பவருக்கு இது விளங்க வேண்டும்.

இந்த நியாயம் எங்கள் நாட்டில் எங்கே? 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007இன் பின் சேரும் அரச ஊழியர்கள் மற்ற அரசகரும மொழியில் 5 ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. ஆனால் ஓர் அரச வைத்தியசாலையில், விண்விண்ணென்று தெறிப்பதாக என் தாயார் சொன்னதை, ‘ரிதெனவா’ என்ற ஒற்றைச் சிங்களச் சொல்லாகத்தான் என்னால் வைத்தியரிடம் சேர்க்க முடிந்தது. வைத்தியர் அன்பானவர்தான். ஆனால் வலிக்கிறது என்பது மட்டுமே அவருக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படி வலிக்கிறது என்பது சேரவில்லை.

செல் துண்டுகளை உடலில் சுமந்து வாழ்பவர்கள் எங்களிடையே இன்னும் இருக்கிறார்கள். பழைய காயம் குத்துகிறதா, எரிகிறதா, விறைக்கிறதா என்பது அவர்களின் சிகிச்சையையே மாற்றக்கூடியது. கூட வந்த பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்கினால் தாய் மறைக்கும் நோய்களும் உண்டு.

பிள்ளைகள் போகட்டும், வருமானம் வேண்டும். பணம் கட்டுமுன் முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்கட்டும். ஆனால் யப்பான் கேட்பதைச் சுகாதார அமைச்சிடம் நாங்களும் கேட்கவேண்டும்: தமிழ்ப் பிரதேசங்களுக்கு நியமிக்கப்படும் வைத்தியருக்கும் தாதியருக்கும் நோயாளியின் சொற்களில் ஒரு சிறு பயிற்சி, அதற்கொரு தேர்வு, ஒவ்வொரு வைத்தியசாலையிலும் சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அங்கே 15 வினாக்களால் முடிவது இங்கே ஏன் முடியாது?