பலகையே, உண்மையைப் பேசு!

பட்டைத் தொட்டுப் பார்க்கலாம்; பானையைத் தட்டிப் பார்க்கலாம்; ஒட்டுப்பலகையை எப்படிப் பார்ப்பது? மேலே வழவழப்பு; உள்ளே எந்த மரம், என்ன பசை? விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆகவே, பலகையிலே பொறிக்கப்படும் எழுத்து வெறும் அலங்காரமல்ல. விற்பவர் தரும் வாக்குறுதி!

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வீசுவது உப்புக்காற்று. ஈரக்கசிவை மட்டுமே தாங்கும் எம்.ஆர். ரகப் பலகையை, 'வாட்டர்புரூப்' என்று சொல்லித் துறைமுகத் தொழிலாளியின் தலையில் கட்டினால் என்ன ஆகும்? தவணை தீருமுன்னே அலமாரி உப்பும், அடுக்கு பிரியும். 'மரைன் பிளை' என்ற பெயருக்கு ஐ.எஸ். 710 வைத்திருக்கும் சோதனை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடப்பது! அந்தப் பெயரைப் போலிப்பலகை சூடிக்கொண்டு காசிமேட்டுப் படகில் ஏறினால், போவது பணம் மட்டுமா? பாடுபடுவோன் உயிருமல்லவா!

பெயரிலும் பித்தலாட்டம் உண்டு. 'ஆப்பிரிக்கத் தேக்கு' என விற்கப்படும் இரோகோ, தேக்கு இனமே அல்ல. நீலகிரித் தேயிலைத் தோட்டத்துச் 'சில்வர் ஓக்', ஓக் அல்ல. அவை ஆகாத மரங்கள் என்று நாம் கூறவில்லை. தன் பெயரில் வரட்டும், தன் விலையில் விற்கட்டும் என்கிறோம். பிலிப்பைன்ஸ் நாட்டு மரத்தை 'மகோகனி' என்று விற்ற வணிகரை அமெரிக்க நீதிமன்றம் 1928-லேயே கண்டித்தது.

இங்கே சட்டம் இல்லையா? இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏய்க்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையும் 2025-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஏட்டிலே இருக்கும் சட்டம் மரவாடிக்கு வரவேண்டாமா?

நாம் கேட்பது சலுகையல்ல. மரத்தின் பெயர், ரகம், உரிம எண் ஆகிய மூன்றும் பலகையிலே தமிழில் இருக்கட்டும், ரசீதிலும் ஏறட்டும். அதிகாரிகள் கடைதோறும் சென்று சோதிக்கட்டும். வாங்குவோரும் வாய்ச்சொல்லை நம்பாமல் முத்திரையைப் பாருங்கள், ரசீதைக் கேளுங்கள்! நாணயமான வணிகருக்கும் இதனால் நன்மையே. போலியின் மலிவு விலையோடு போராடி அவர் நலிய வேண்டியதில்லை.

மரம் பொய் சொல்வதில்லை. அதன்மேல் ஒட்டும் சீட்டும் பொய் சொல்லாதிருக்கட்டும்!