ஓலைக்கு ஓர் அரண்

அம்பத்தூர்ப் பக்கத்துக் கள்ளிக்குப்பத்தின் பழைய குடும்பம் ஒன்றின் பத்திரக் கட்டைப் பிரித்தால், வீட்டின் கதையோடு சீமையின் கதையும் அதில் மடிந்து கிடக்கும். ஒரு பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருக்கும். அடுத்ததில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், 1997க்குப் பின் திருவள்ளூர், 2018இல் அம்பத்தூர் வட்டம் பிரிந்து வந்தபின் சென்னை. மனை இருந்த இடத்திலேயே இருந்தது. அதை ஆண்ட பெயர்களே வந்து போயின. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்த பிறகு, அங்கே லேத்துப் பட்டறையிலும் பிரஸ்ஸிலும் உழைத்தவர்கள் சீட்டுப் பிடித்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கினார்கள். அந்தத் தலைமுறை இன்று ஒவ்வொருவராக விடைபெறுகிறது. பத்திரத்தை பீரோவின் உள்ளறையில் பூட்டிக் காத்தவர்கள், தமக்குப் பின் அது யாருக்கு என்பதை மட்டும் எழுதாமலே போகிறார்கள். எழுதினால் ஆயுள் குறையும் என்ற அச்சம், நம் வீடுகளில் எந்தச் சட்டத்தையும்விட மூத்தது.

எழுத்தைக் காப்பது எப்படி என்ற கவலையோ நமக்குப் புதிதன்று. இங்கிருந்து பூந்தமல்லியைக் கடந்து போனால் குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழனிடம் அமைச்சராக இருந்த அவர், பெரியபுராணத்தில் சுந்தரரின் மணப்பந்தலுக்குள் சிவனையே ஒரு கிழவேதியர் வடிவில் ஓலையோடு வரவழைக்கிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமையோலை இது என்கிறார் கிழவர்; சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை இதோ என்று கிழவர் நீட்ட, அவையோர் அதன் கையெழுத்தை, காவலில் வைத்திருந்த பாட்டனின் வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பக்தர்கள் இதில் தடுத்தாட்கொண்ட அருளைக் காண்பார்கள். எனக்கோ, அரசு வேலை பார்த்த ஒருவரின் கண்ணும் இதில் தெரிகிறது. படி வேறு, மூலம் வேறு. வழக்காடும் இருவரின் கையிலும் இல்லாத ஓர் இடத்தில் சான்று இருக்க வேண்டும். இறைவனே வாதியாக வந்தாலும் ஆவணம் காட்டியாக வேண்டும் என்று எழுதிய மரபு நம்முடையது.

அரண் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. செங்குன்றம் வழியாக வடமேற்கே போனால் வரும் பெரியபாளையத்தில் 1754இல் பிறந்தவர் பச்சையப்ப முதலியார். 1794 மார்ச்சில் தம் செல்வத்தை அறத்துக்கென உயில் எழுதிவைத்து, அதே மாத இறுதியில் திருவையாற்றில் கண்மூடினார். உயில் இருந்தது, அறம்தான் நடக்கவில்லை. பொறுப்பேற்றவர்களின் அசட்டை ஒருபுறம், வழக்கு ஒருபுறம் என ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முனைந்து, நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 1842இல்தான் அவர் பெயரில் பள்ளி திறந்தது. அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் படிக்காமலே முதுமை எய்தியிருப்பார்கள்!

பிற்பாடு வந்த 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில், அதிகம் பேசப்படாத சில பிரிவுகள் உண்டு. 42 முதல் 46 வரை. சார்பதிவாளரிடம் உயிலைப் பதிவு செய்வதை எல்லோரும் அறிவோம். உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து, யாரும் படிக்காமலே மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம் என்பதை அறிந்தவர் சொற்பம். உறையின் மேல் எழுதியவரின் பெயரும் உள்ளிருப்பது என்ன ஆவணம் என்ற குறிப்பும் இருந்தால் போதும். வந்தவர் இன்னார் என்று உறுதிசெய்தபின், மேலெழுத்தையும், வந்த நாள், நேரத்தையும், முத்திரையில் தெரியும் எழுத்தையும் 5ஆம் புத்தகத்தில் ஏற்றி, உறையைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார் பதிவாளர். மனம் மாறினால் எழுதியவரே திரும்பப் பெறலாம். அவர் மறைந்தபின் ஒருவர் விண்ணப்பித்தால், விண்ணப்பித்தவர் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டு, வாசகம் 3ஆம் புத்தகத்தில் படியெடுக்கப்படும். மூல உயில் மறுபடி காவலுக்கே திரும்பும். திருவெண்ணெய்நல்லூர் அவையின் காவலோலையைப் பாடிய சேக்கிழாருக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே எட்டு நூற்றாண்டுகள் இருக்கலாம், நினைப்பு ஒன்றுதான்.

ஆனால் பெட்டி காப்பது தாளை மட்டுமே. இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்திடாத உயில், எந்த அரணுக்குள் இருந்தாலும் செல்லாது. பச்சையப்பரின் அரை நூற்றாண்டு சொல்வதும் அதுவே: எழுதியதை முன்னெடுத்துச் செல்ல உயிருள்ள ஓர் ஆள் வேண்டும். இறப்புச் செய்தி பதிவாளரைத் தானாகத் தேடிப் போகாது. யாரும் விண்ணப்பிக்காவிட்டால் உறை அப்படியே கிடக்கும். ஆகவே கள்ளிக்குப்பத்துப் பெரியவர்களே, உள்ளே என்ன எழுதினீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் ஒப்படைத்தீர்கள் என்பதை மட்டும் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.