கைக்குள் அடங்கும் பாடம்... கண்ணுக்குத் தெரிகிறதா?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து அப்பா வீட்டுக்கு வரும்போது இரவு எட்டரை மணி. ஏழாம் வகுப்பு மகள் வாசலிலேயே காத்திருக்கிறாள்.

''அப்பா, போனைக் குடுங்க. அறிவியல் பாடம் பாக்கணும்.''

''சார்ஜ் கம்மியா இருக்குது கண்ணு. சீக்கிரம் பாத்துட்டுக் குடு!''

வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன் இருக்கும் குடும்பங்களில் அன்றாடம் நடக்கும் காட்சி இது. பிள்ளைக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதில் பாதி, பாடப் பக்கத்தை விரலால் பெரிதாக்கி, இடமும் வலமுமாக நகர்த்துவதிலேயே போய்விடுகிறது. குறை பிள்ளையிடம் இல்லை. கரும்பலகைக்கும் கம்ப்யூட்டருக்கும் தயாரித்த பாடத்தை, அப்படியே ஆறு அங்குலத் திரைக்குள் திணிப்பதுதான் சிக்கல்.

போனுக்கு வந்த பள்ளிக்கூடம்

தமிழ்நாட்டில் 2018-ல் 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கோடு இடம்பெற்றது. போனில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ விரியும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட, டி.வி-க்கு எடுத்த பாடங்களைப் பல பிள்ளைகள் போனில் பார்த்தார்கள். வால்பாறை எஸ்டேட் பக்கம் சிக்னல் தேடி மேடேறிய பிள்ளைகளும் உண்டு.

2023-ல் பள்ளிக்கல்வித் துறை 'மணற்கேணி' செயலியைக் கொண்டுவந்தது. திருக்குறளின் கல்வி அதிகாரத்தில் வரும் சொல் அது. பாடத்தைச் சிறு சிறு கருத்துகளாகப் பிரித்து, அனிமேஷன் வீடியோவில் விளக்குவது இதன் முறை. கைத்திரைக்கு ஏற்ற வழியும் இதுதான்.

புள்ளி மறைந்தால் பொருள் மாறும்

தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எழுத்து மிகச் சிறிதானால் 'க்' மேலுள்ள புள்ளி கண்ணில் படாது. இரண்டு சுழியா, மூன்று சுழியா என்று தெரியாமல் 'மனம்' 'மணம்' ஆகிவிடும். எழுத்துப் பழகும் வயதில் இது சின்ன விஷயம் அல்ல.

பாடநூலின் பி.டி.எஃப், அச்சுத் தாளின் அளவிலேயே உறைந்து நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். திரைக்கேற்ப வரிகள் தாமாகவே மடங்கி அமையும் இணையப் பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. சொம்பில் ஊற்றினால் சொம்பின் வடிவம், போசியில் ஊற்றினால் போசியின் வடிவம் எடுக்கும் தண்ணீர்போல! இந்த முறைக்கு 'ரெஸ்பான்சிவ் டிசைன்' என்று 2010-ல் பெயர் வைத்தவர் ஈத்தன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர்.

வீடியோவின் நீளமும் முக்கியம். எட்எக்ஸ் இணையப் படிப்புகளில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட விவரங்களை அலசி, 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பெரும்பாலானவர்கள் ஆறு நிமிடத்துக்கு மேல் நிலைக்கவில்லை என்றது அது. நாற்பது நிமிட வகுப்பை அப்படியே படம்பிடித்துப் போடுவதில் பலன் குறைவு.

டேப்லெட் கதை வேறு. வரைபடம், உடல் உறுப்புகளின் படம் போன்றவற்றை அதில் முழுதாகப் பார்க்கலாம். போனில் அதே படத்தைத் துண்டு துண்டாகத்தான் காட்ட வேண்டும்.

ஆசிரியர்கள் கவனத்துக்கு

* வாட்ஸ்அப்பில் கேள்விகளைப் போட்டோ எடுத்து அனுப்புவதைவிட டைப் செய்து அனுப்புங்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், டேட்டாவும் மிச்சம்.
* போட்டோதான் என்றால், ஒரு படத்தில் ஒரு கணக்கு போதும்.
* வீடியோவில் பலகை முழுவதையும் காட்டாமல், எழுதும் இடத்தை அருகில் காட்டுங்கள்.

பெற்றோர் செய்யக்கூடியவை

* செயலியில் டவுன்லோடு வசதி இருந்தால், சிக்னல் நன்றாக இருக்கும்போதே பாடத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.
* வீடியோ பார்க்கும்போது போனைப் படுக்கைவாட்டில் வைக்கச் சொல்லுங்கள்.
* தரத்தை 144பி-க்குக் குறைத்தால் டேட்டா மிச்சமாகும். ஆனால் எழுத்து மங்கும். கதை, செய்யுள் கேட்க அது போதும். கணக்குக்குத் தரத்தைக் கூட்டுங்கள்.
* ஒரு வீடியோ முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, புரிந்ததை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை போனைக் கொடுக்கும்போது, பிள்ளையின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ''எழுத்து தெரியுதா கண்ணு?'' என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் பள்ளியில் சொல்லுங்கள். பாடம் தயாரிப்பவர்களுக்குக் குறை தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்?