கோயில் விளையில் பனை விழுந்தால் அது பாவக் கணக்கில் வராதா?

சென்னை, பெங்களூரு, துபாய்னு இருக்கிற நம்ம ஊர்க்காரங்க அசனப் பண்டிகைக்கு வந்து இறங்கினதும் ரெண்டு கேள்வி கேட்பாங்க. ஒண்ணு, "நல்ல கருப்பட்டி எங்க கிடைக்கும்?" இன்னொண்ணு, "கோபுர வேலை எதுவரைக்கும் வந்திருக்கு?" ரெண்டாவதுக்கு அவங்களே பணம் அனுப்பியிருப்பாங்க, அதனால பதில் நல்லாவே இருக்கும். கோபுரம் வளருது. முதல் கேள்விக்கான பதில்தான் வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே போகுது. அது ஏன்னு யாரும் கேட்கிறதில்ல. அதனால நானே சொல்லிடுறேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கிடுங்க.

புதுசா வாசிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. எங்க ஊர் சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவுல, தேரிக்காட்டு ஓரம். செம்மணல் பூமி. எனக்கு முருங்கை, கொஞ்சம் வாழை, வரப்பு பூரா பனை. எங்க சபைக்கு 'கோயில் விளை'ன்னு ரெண்டு ஏக்கர் உண்டு. விளைன்னா எங்க பக்கம் பனை நிற்கிற புஞ்சை. யாரோ ஒரு முப்பாட்டன் காணிக்கையா எழுதிக் கொடுத்தது. அதுல 110 பனை நின்னுது. போன பங்குனியில 38 மரம் செங்கச்சூளைக்குப் போயிட்டு. மீதியையும் எடுத்து, தரையை நிரத்தி, கல்யாண மண்டபம் கட்டப் போறதா சேகரக் கமிட்டி சொல்லுது. எந்தச் சேகரம்னு பேர் போடப் போறதில்ல. தேரியைச் சுத்தி இருக்கிற எந்த ஊர்ப் பேரைப் போட்டாலும் இந்தக் கதை பொருந்தும்.

மரம் விழுந்த அன்னைக்கு வந்த ஞாயிறு பிரசங்கம் பாவத்தைப் பற்றி. குடி, சூது, சினிமா, பொம்பளைங்க போடுற நகை, பையன்கள் நோண்டுற செல்போன், எல்லாம் வரிசையா வந்துச்சு. கோயிலுக்கு 200 அடி தள்ளி, அறுத்த தூரெல்லாம் இன்னும் ஈரத்தோட நிற்குது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்ல. ஆராதனை முடிஞ்சு வெளிய வந்து கமிட்டிக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டியளே?" அவர் சொன்ன பதில்: "ஏ, மரத்துக்கு எல்லாம் ஆத்துமா உண்டா டே? ஆத்துமாவைப் பத்திப் பேசுறதுதான் கோயில்."

மரத்துக்கு ஆத்துமா இருக்கோ இல்லையோ, அதை வெட்டினவனுக்கு இருக்குல்ல? நான் கேட்கிறது அவன் கணக்கைப் பற்றி.

ஆதியாகமம் ரெண்டாம் அதிகாரம் 15ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்க. மனுஷனை உண்டாக்கினதும் கடவுள் அவனைக் கொண்டுபோய் விட்ட இடம் ஒரு தோட்டம். கொடுத்த வேலை, அந்த மண்ணுல பாடுபடணும், அதைக் காவல் காக்கணும். ஜெபக்கூட்டம் நடத்துன்னு சொல்லல, கட்டட நிதி திரட்டுன்னும் சொல்லல. பத்துக் கட்டளை வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடி வந்த வேலை இது. எபிரெயு படிச்ச பழைய ஐயர் ஒருத்தர் எங்களுக்கு வேதபாடம் எடுத்தார். அந்த வசனத்துல 'காக்க'ங்கிறதுக்கு வர்ற சொல் 'ஷாமர்'னு சொல்லுவார். ஆசரிப்புக் கூடாரத்தை லேவியர்கள் காவல் காக்கிறதுக்கும் அதே சொல்தான். ஆபேலைக் கொன்னுட்டு, அவனுக்கு நான் காவலாளியான்னு காயீன் எதிர்க்கேள்வி கேட்கிற இடத்துலயும் அதே சொல்தான். ஆலயத்தைக் காக்கிறது, சகோதரனைக் காக்கிறது, மண்ணைக் காக்கிறது மூணுக்கும் ஒரே சொல்லை வச்சிருக்கிற வேதத்தைக் கையில வச்சுக்கிட்டு, மூணாவதை மட்டும் 'சுற்றுச்சூழல் ஞாயிறு'ன்னு வருஷத்துக்கு ஒரு நாள் ஒதுக்குறோம். அன்னைக்கு ஒரு வேப்பங்கன்னை நட்டு போட்டோ எடுக்கிறோம். பின்னாடி கட்டுற பேனர் பிளாஸ்டிக். கன்னு சித்திரை வெயில்ல காய்ஞ்சிரும், பேனர் காயாது.

உபாகமம் 20ஆம் அதிகாரம் இன்னும் கடுசு. எதிரி பட்டணத்தை முற்றுகை போட்டு நிற்கும்போதுகூட அங்க இருக்கிற கனிமரத்தைக் கோடாலி போடாதேங்கிற சட்டம் அங்க இருக்கு. யுத்தத்துல, எதிரியோட மரத்துக்கே அந்தப் பாதுகாப்பு. எங்களுக்கு யுத்தமும் இல்ல, எதிரியும் இல்ல. சொந்தக் கோயிலோட மரம், மண்டபம் கட்ட அறுத்தாச்சு. லேவியராகமம் 25ல நிலம் என்னுடையது, நீங்க இங்க தங்க வந்தவங்கதான்னு கடவுள் சொல்றார். ஏழாவது வருஷம் மண்ணுக்கு ஓய்வு விடச் சொல்றார். இதையெல்லாம் வெள்ளைக்காரன் எழுதின பசுமைப் புத்தகத்துல தேடிப் படிச்சதா நினைக்காதீங்க. எங்க வீட்டுல ஆச்சி வச்சிருந்த, அட்டை பிய்ஞ்சுபோன அதே வேதாகமம்தான்.

இதுக்கு மறுப்பா எப்பவும் ஒண்ணு வரும். "இந்த உலகம் எரிஞ்சு போகப்போறதுதானே, நம்ம தேசம் பரலோகத்துல இருக்கு." சரி. எரிஞ்சு போகப்போற உலகத்துல எதுக்கு 120 அடிக்குக் கோபுரம்? நூறு வருஷம் நிற்கணும்னு எதுக்கு அவ்வளவு கம்பி, அவ்வளவு சிமெண்ட்? பட்டா மாற்றும்போது, எல்லைக்கல் நடும்போது, சபைச் சொத்துக்கு வழக்குப் போடும்போது எல்லாம் உலகம் நிலையா இருக்கு. மரம், கிணறு, குளம்னு பேச்சு வந்தா மட்டும் உலகம் நாளைக்கே முடியப்போகுது!

எதிர்ப்பக்கமும் ஒரு அடி விழும். பசுமை இயக்கத்துல இருக்கிற நண்பர் ஒருத்தர், நல்ல மனுஷன், "உங்க வேதம்தான பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளச் சொல்லுச்சு, எல்லாத்துக்கும் மூலம் அதுதான்"னு சொல்லுவார். இதை 1967லேயே லின் ஒயிட்னு ஒரு அமெரிக்க வரலாற்றாசிரியர் 'சயின்ஸ்' பத்திரிகையில எழுதிட்டார். அவர் சொன்னதுல உண்மை இருக்கு, நான் மறுக்கல. ஆனா அதே கட்டுரையோட கடைசியில அவர் அசிசியின் பிரான்சிஸைக் காட்டினார். சூழலியலுக்குப் பாதுகாவலரா அந்தத் துறவியை வைக்கலாம்னார். 1979ல போப் இரண்டாம் ஜான் பால் அதையே அதிகாரபூர்வமா அறிவிச்சார். 2015ல போப் பிரான்சிஸ் பூமியைப் பற்றியே ஒரு முழுச் சுற்றுமடல் எழுதினார். நாங்க சீர்திருத்த சபை, போப் சொன்னா எங்களுக்கு என்னன்னு கமிட்டியில கேட்பாங்க. கேட்கட்டும். அப்போ நம்ம ஆள் ஒருத்தரைச் சொல்றேன்.

ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூர்ல பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். கொர்னேலியஸ்ங்கிற குடும்பப் பேரை விட்டுட்டுக் குமரப்பான்னு ஆனவர். லண்டன்ல கணக்குத் தணிக்கை படிச்சவர், காந்தியோட சேர்ந்து கிராமத் தொழிலுக்கு வந்தார். 1940கள்ல ஜபல்பூர் சிறையில உட்கார்ந்து ரெண்டு புத்தகம் எழுதினார். ஒண்ணு இயேசுவோட வாழ்க்கையும் போதனையும் பற்றி. இன்னொண்ணு நிலைத்து நிற்கிற பொருளாதாரத்தைப் பற்றி. அதுல புலி மாதிரி கொன்னு தின்னுற பொருளாதாரம், குரங்கு மாதிரி பறிச்சுத் தின்னுட்டுப் போற பொருளாதாரம்னு தொடங்கி, தேனீயைத் தாண்டி, கூலி எதிர்பார்க்காத தாய்வரைக்கும் படிப்படியாக் கொண்டுபோவார். சர்க்கரைக்குக் கரும்பு போட்டு நல்ல நிலத்தை அடைக்காதீங்க, பனை இருக்கு, அது தானியம் விளையாத மண்ணுல நிற்கும்னு வாதாடினவரும் அவர்தான். கடைசிக் காலம் டி. கல்லுப்பட்டியில, 1960ல போயிட்டார். எங்க சபையில வெளிநாட்டு மிஷனெரிமார் பேரு அத்தனையும் சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். குமரப்பா பேரை ஒரு பிரசங்கத்துலகூட நான் கேட்டதில்ல.

இந்தச் சீமையில சபைங்கிறதே பனைமேல ஏறி வந்ததுதாங்க. 1799ல முதலூர் உண்டாச்சு. அதுக்குப் பின்னாடி தேரியைச் சுத்தி எத்தனையோ கிறிஸ்தவ ஊர். அங்க இருந்தவங்க கையில காசு ஏது? எங்க ஆச்சி, முந்தானையில கருப்பட்டியை முடிஞ்சு கோயிலுக்குக் கொண்டுபோனதை நான் பார்த்திருக்கேன். அறுப்பின் பண்டிகையில அது ஏலத்துக்கு வரும். கோயில் கூரைக்குப் பனங்கை, பள்ளிக்கூடத்துக்கு ஓலை, குருத்தோலை ஞாயிறுக்குக் குருத்து. 92ஆம் சங்கீதம் நீதிமானை ஒப்பிடுறது அந்த ஊர்ல பேரீச்சைக்கு. நம்ம தமிழ் வேதாகமத்துல அது பனையாத்தான் நிற்குது. மொழிபெயர்த்த புண்ணியவான் நம்ம மண்ணை நினைச்சுத்தான் போட்டிருப்பார்னு எனக்கு ஒரு ஆசை.

இப்போ கமிட்டியோட பலமான வாதத்துக்கு வர்றேன். "ஏறுறதுக்கு ஆள் இல்ல, மரம் சும்மாதான நிற்குது?" முதல் பாதி உண்மை. பனையேறி விழுந்து இடுப்பு ஒடிஞ்சவங்களை எங்க தெருவுலயே பார்த்திருக்கேன். அவங்க பிள்ளைங்க படிச்சு வாத்தியாராவும் நர்ஸாவும் போனதுக்கு இதே சபைதான் காரணம், அதுக்கு நன்றி உண்டு. உங்க மகன் திரும்பி வந்து காலுல தளைநார் மாட்டணும்னு நான் சொல்லல. மரம் 'சும்மா' நிற்குதுங்கிறதைத்தான் ஒத்துக்க மாட்டேன்.

தேரியில காத்து காலம் எப்படி இருக்கும்னு டவுன்ல இருக்கிறவங்களுக்குச் சொன்னாப் புரியுமான்னு தெரியல. ஆனி, ஆடியில செம்மணல் நடந்து போகும். காலையில இருந்த மேடு சாயங்காலம் வேற இடத்துல நிற்கும். அந்த மணலைப் பிடிச்சு நிறுத்துறது பனையோட சல்லி வேர்தான். 38 மரம் போன ஒரே காத்து காலத்துல, கோயில் விளைக்குக் கிழக்கே இருக்கிற என் முருங்கை வரிசையில முழங்கால் உசரத்துக்கு மணல் ஏறிட்டு. கடல் பக்கத்துல இருக்கிறதால போர் போட்டவங்க பலபேருக்கு இப்ப உப்புத்தண்ணி. மழைத்தண்ணி கீழ இறங்கணும்னா மண் திறந்து கிடக்கணும். மண்டபத்தைச் சுத்திச் சிமெண்ட் கல் பாவினா அது ஓடையில ஓடிக் கடலுக்குத்தான் போகும். அப்புறம் 'தேவனே மழை தாரும்'னு உபவாச ஜெபம். பெய்யுற மழைக்கு இறங்க இடம் கொடுக்காம, மழை கேட்டு முழங்கால் போடுறது என்ன பக்தின்னு எனக்குப் புரியல.

இன்னொண்ணு. பனை உழவாரன்னு ஒரு குருவி இருக்கு. பனையோலைக்கு அடியில எச்சிலால பஞ்சை ஒட்டிக் கூடு கட்டும். ஓலை காத்துல அடிச்சாலும் முட்டை விழாது. காய்ஞ்ச ஓலையெல்லாம் தொங்குற, ஆள் ஏறாத மரம்தான் அதுக்கு வசதி. 84ஆம் சங்கீதத்துல குருவிக்குக் கர்த்தருடைய பலிபீடத்துப் பக்கம் வீடு கிடைக்குது. எங்க கோயில்ல எச்சம் விழுதுன்னு ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சாச்சு, கோபுரத்துக்குக் கண்ணாடி. பக்கத்துல இருந்த மரத்தையும் எடுத்தாச்சு.

சட்டமும் பேசிருவோம். பனை 1978லேர்ந்து தமிழ்நாட்டோட மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்ல, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம்னு அறிவிச்சாங்க. அனுமதி வாங்குனியளான்னு கேட்டதுக்கு, "கோயில் காரியத்துக்கு யார்ட்ட அனுமதி?"ன்னு பதில் வந்துச்சு. ஊருக்கு நியாயப்பிரமாணம் சொல்ற இடத்துலேர்ந்து வந்த பதில் இது.

எல்லா ஐயர்மாரும் இப்படின்னு நான் சொல்லல. காட்சன் சாமுவேல்னு ஒரு அருட்பணியாளர் மும்பையிலேர்ந்து நாகர்கோவில் வரைக்கும் பனையைத் தேடிக்கிட்டே வண்டியில வந்து, 'பனைமரச் சாலை'ன்னு எழுதினார். பனைதான் தன்னோட ஊழியம்னு நினைக்கிற மனுஷன். அவரை மாதிரி ஒருத்தர் சேகரத்துக்கு ஒருத்தர் இருந்தாப் போதும். நான் இந்தப் பதிவு எழுத வேண்டியே இருக்காது.

இப்போ வெளியூர்ல இருக்கிற உங்களுக்கு. இந்த மண்டபம் உங்க பணத்துலதான் எழும்பப் போகுது. இங்க இருக்கிறவங்க சந்தாவுல ஒரு தூண்கூட வராது. 'ஊர்க் கோயிலுக்கு ஏதோ நம்மாலானது'ன்னு செல்போன்ல ஒரு தட்டு தட்டி அனுப்பிட்டு, அந்தப் பணம் இங்க வாளாகுதா மண்வெட்டியாகுதான்னு கேட்காம இருக்கிறதை நான் தர்மம்னு சொல்ல மாட்டேன். மண்டபம் வேணும்னா ஊருக்குள்ள பழைய ஆரம்பப் பள்ளிக் கட்டடம் மூடிக் கிடக்கு, சபைக்குச் சொந்தமானது. அங்க கட்டலாம். இதை எழுதி, நானும் இன்னும் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுக் கமிட்டிக்குக் கொடுத்திருக்கோம். மீதி 72 மரத்துல கை வைக்கக் கூடாது, போன 38 மரத்துக்குப் பதிலா 380 விதை அதே விளையில ஊன்றணும்னும் கேட்டிருக்கோம். பனை காய்க்கப் பதினஞ்சு வருஷம் ஆகும், அதனாலதான் மரத்துக்குப் பத்துன்னு கேட்டோம்.

ஆவணி மூணாவது ஞாயிறு, ரெண்டாம் ஆராதனை முடிஞ்சு சபைக்கூட்டம். சந்தா பாக்கி இல்லாத யாரும் வந்து பேசலாம், ஓட்டும் உண்டு. வர முடியாதவங்க, 'எங்க காணிக்கை கோயில் விளையில கட்டுறதுக்கு இல்ல'ன்னு ஒரு வரி கடுதாசி போட்டாலும் கமிட்டி அதைப் படிச்சுத்தான் ஆகணும். எங்க வரப்புல பழம் விழ ஆரம்பிச்சாச்சு, இதுவரைக்கும் நாலு சாக்குக் கொட்டை பொறுக்கி நிழல்ல போட்டிருக்கேன். ஐப்பசி மழைக்கு முன்னாடி குழி எடுக்கணும். கூட்டத்துக்கு வர்றவங்க ஒருநாள் கூடுதலா லீவு போட்டுட்டு வாங்க, மண்வெட்டி என்கிட்ட மூணு இருக்கு.