தமிழ்ப் பக்கத்தின் நெற்றியில் ஆங்கில முத்திரையா?

வலைப்பக்கம் எழுத வேண்டுமென்றால் முதலில் ஆங்கிலம் கற்றாக வேண்டும் என்னும் பொய் சிற்றூர்கள் வரை பரவிக் கிடக்கிறது. பழனியை அடுத்த ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் உழவர் ஒருவரின் மகள் கணிப்பொறியின் முன் அமர்ந்தால், அவள் செவியில் முதலில் ஓதப்படுவதும் இதுவே.

உண்மை என்ன? மீயுரைக் குறிமொழி என்பது பேசும் மொழியன்று. செனீவாவை அடுத்த அணுத்துகள் ஆய்வு நடுவத்தில் திம் பெர்னர்சு-லீ 1989இல் முன்மொழிந்த வலையில், எது தலைப்பு, எது பத்தி, எது இணைப்பு என்று உலாவிக்குச் சுட்டும் அடையாளங்களின் தொகுதியே அது. பத்திக்கு 'பி', இணைப்புக்கு 'ஏ', பெருந்தலைப்புக்கு 'எச்1'. இவைபோல் பத்துப் பன்னிரண்டு குறிகள் கைவந்தால் முழுப்பக்கமே எழுதிவிடலாம். விலைகொடுத்து வாங்கும் கருவி வேண்டா. இணைய இணைப்புங்கூட வேண்டா. கணிப்பொறியோடு வரும் எளிய எழுதுபலகையில் எழுதிப் பதிந்து, உலாவியில் திறந்தால் பக்கம் கண்முன் நிற்கும். கோப்புக்குக் 'கொய்யா' என்றே பெயரிடலாம். நிறமும் அளவும் வகுக்கும் ஒப்பனைத் தாளிலும் 'விலைப்பட்டியல்' என்றே பெயர் வைக்கலாம். உலாவி மறுப்பதில்லை, மறுப்போர் கற்பிப்போரே!

ஆயத்த அச்சுகளும் செய்யறிவும் நொடியில் பக்கம் செய்து தரும் இந்நாளில் கையால் எழுதுவானேன் என்பர் சிலர். அங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது. எந்தப் பக்கமும் தன் தொடக்கத்திலேயே தன் மொழியை அறிவித்தல் வேண்டும். தமிழுக்கு 'டி.ஏ.' என்னும் ஈரெழுத்து, ஆங்கிலத்துக்கு 'இ.என்.' ஆங்கிலேயருக்கென வார்த்த அச்சில் தமிழை ஊற்றுவோர் அந்த ஈரெழுத்தை மாற்றுவதே இல்லை. உள்ளே முழுதும் தமிழாயிருக்க, பக்கம் தன்னை ஆங்கிலம் என்று உலகுக்குக் கூறிக்கொண்டு நிற்கிறது! கண்பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் கருவி அந்த அறிவிப்பை நம்பி ஆங்கிலக் குரலெடுத்துத் தமிழைக் குதறுகிறது. சில போது வாயே திறவாமல் கடந்து போகிறது. கையால் எழுதியவள் அந்த வரியைக் காண்பாள், திருத்துவாள். அச்சில் ஊற்றியவருக்கு அப்படியொரு வரி இருப்பதே தெரியாது.

இன்னொரு கேடும் உண்டு. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டிய காலந்தொட்டு, ஆளுக்கோர் எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் என்று தமிழ் சிதறியது. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ் வெறுங்கிறுக்கலாய்த் தெரிந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தாம் தட்டச்சிட்டு ஏற்றிய இலக்கியங்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஒருங்குறியில் மெய்யெழுத்துக்குத் தனியிடம் இல்லை என்னும் குறை உண்மையே, அவ்வழக்கு வேறு. அதைச் சொல்லிக்கொண்டு கைகட்டி நிற்கவோ? இன்றும் ஊர் அறிவிப்புகளையும் மன்ற அழைப்புகளையும் படமாக்கி ஒட்டுகின்றனர். படத்துள் அடைபட்ட தமிழைத் தேடுபொறி எளிதில் காணாது. படிக்குங் கருவியும் தடுமாறும். எழுத்தை எழுத்தாகவே எழுதுவதற்கு ஒரு பத்திக்குறி போதுமே!

இதைப் படிப்போர் தம் ஊர்ப் பள்ளி, தம் மன்றம், தம் பதிப்பகம் ஆகியவற்றின் வலைப்பக்கத்தைத் திறந்து, அதன் பின்னுள்ள குறிவரிகளைக் காட்டுமாறு உலாவியைப் பணித்து, முதல் இரண்டு வரிகளை இன்றே பார்க்கட்டும். அங்கே 'இ.என்.' என்றிருந்தால், பக்கம் செய்து கொடுத்தவரை அழைத்து, அவ்வீரெழுத்தை மாற்றித் தருமாறு கேட்கட்டும்.